குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி: ஒரே படத்தைப் பார்த்து மூன்று பேர் சொன்ன பெயரை எவ்வளவு நம்பலாம்?

பம்புப்பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் நீர்மூழ்கி மோட்டார் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில், நம்பகத்தன்மைச் சோதனைப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். பேரிங்கும் சீலும் காயிலும் எத்தனை மணி நேரம் ஓடிய பின் எந்த விதத்தில் பழுதாகும் என்று கணக்கிடுவதுதான் என் தொழில். பூச்சிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; ஆகவே கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூருக்குப் பக்கத்தில் என் அண்ணன் மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறார். பயிருக்கு ஐந்து மாதம் ஆகிறது. நுனி இலைகளெல்லாம் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு பூசியது போலப் பூச்சிகள் இருக்கின்றன. அவர் எடுத்த படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டபோது அது பப்பாளி மாவுப்பூச்சி என்றது. அதே படத்தை மருந்துக்கடைக்காரரிடம் காட்டியபோது அவரும் அதையே சொல்லி, எல்லா மாவுப்பூச்சியும் ஒன்றுதான் என்று ஒரு மருந்தையும் கொடுத்தார். ஊரில் படித்த பையன் ஒருவனும் வாட்ஸாப்பில் பார்த்துவிட்டு அதுவேதான் என்றான். இரண்டு முறை அடித்தும் பூச்சி குறையவில்லை. இப்போது தெரிந்தவர் ஒருவர், இது சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த வேறொரு மாவுப்பூச்சியாக இருக்கலாம் என்கிறார்.

என் கேள்வி இதுதான். ஒவ்வொருவரும் 80 விழுக்காடு சரியாகச் சொல்பவர் என்று வைத்துக்கொண்டால், மூவரும் சேர்ந்து தவறுவதற்கான வாய்ப்பு 0.2-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 0.008 மட்டும்தானே? எங்கள் தொழிலில் ஒரு பம்புக்குப் பதிலாக மூன்று பம்புகளை இணையாக வைத்தால் இப்படித்தான் கணக்குப் போடுவோம். அப்படியிருந்தும் பெயர் தவறியிருக்குமா? மேலும், வயலில் எத்தனை செடிகளைப் பார்த்த பிறகு ஒரு பூச்சி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்? பகுதிநேர எம்.டெக். படிப்புக்கு ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். இதில் ஏதாவது செய்ய முடியுமா என்ற யோசனையும் இருக்கிறது.

ஊசிமுனை (மறுமொழி)

பம்புப்பட்டறை அவர்களுக்கு வணக்கம். நான் பூச்சியியல் ஆய்வகம் ஒன்றில் செதில் பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் இனங்காணும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கணக்கைப் பற்றி இங்குள்ள பொறியாளர்கள் சொல்வார்கள். நான் பூச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

படத்தை வைத்துச் சிலவற்றை விலக்கலாம். பின்பக்கம் இரண்டு நீண்ட வால்களும் முதுகில் இரண்டு கோடுகளும் இருந்தால் அது வரி மாவுப்பூச்சி. மாவுக்கு நடுவே கரும்புள்ளிகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தால் பருத்தி மாவுப்பூச்சியாக இருக்கலாம். பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள் நிறமானது. நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். மரவள்ளி மாவுப்பூச்சியோ மாவைத் துடைத்தால் இளஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் மாவு தடித்திருந்தாலும், குஞ்சுகள் மட்டும் இருந்தாலும், மாலை வெயிலில் எடுத்த படமாக இருந்தாலும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகிவிடும். இனத்தின் அடையாளம் மெழுகை நீக்கிய தோலில் உள்ள துளைகளிலும் நுண்குழாய்களிலும் இருக்கிறது; மெழுகைக் காட்டும் படத்தில் அது இருப்பதற்கே வழியில்லை.

நாங்கள் செய்வது இதுதான். வளர்ந்த பெண் பூச்சியின் உடலில் நுண்ணூசியால் ஒரு சிறு கீறல் போட்டு, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெல்லச் சூடாக்குவோம். உள்ளேயுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து வெளியேறி, வெங்காயச் சருகு போல வெறுந்தோல் மட்டும் மிஞ்சும். அதற்கு அமில ஃபுக்சினில் நிறமேற்றி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதித்து ஸ்லைடாக்குவோம். (எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைபவர்கள் பல் மருத்துவமனைக்கு வந்துவிட்டோமோ என்று கேட்பது அந்தக் கிராம்பு எண்ணெயின் வாசனையால்தான்.) அதன் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், பப்பாளி மாவுப்பூச்சியான பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸுக்கு உணர்கொம்பில் 8 கணுக்கள் இருக்கும், மரவள்ளி மாவுப்பூச்சியான பீனகாக்கஸ் மணிஹோட்டிக்கு 9 இருக்கும். பின்னதன் கால் நகத்தின் உட்புறத்தில் ஒரு சின்னப் பல் தெரியும். வயிற்றுப்புறத் தோலில் ஐந்து அறை கொண்ட மெழுகுத் துளைகள் இருக்கும். முன்னதில் இவை இரண்டும் கிடையாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஓர் அடையாளமும் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சியை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் அது கருநீலமாக மாறிவிடும். இது துப்புதான், தீர்ப்பு அல்ல. வேறு சில மாவுப்பூச்சிகளும் நிறம் மாறுவதுண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் கேட்கலாம். 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் பகுதியில் மரவள்ளியை ஒரு புதிய மாவுப்பூச்சி தாக்கியது. 1977-இல் மாட்டில்-ஃபெரேரோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதற்கு பீனகாக்கஸ் மணிஹோட்டி என்று பெயரிட்டார். மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து போன பயிர் என்பதால் பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று தேடப் போனவர்கள், அக்கண்டத்தின் வடபகுதியில் அச்சு அசலாக அதைப் போன்ற ஒரு பூச்சியை மரவள்ளியிலேயே கண்டார்கள். ஆனால் அதன் மேல் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள் (மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளேயே வளர்ந்து அதைக் கொல்பவை) ஆப்பிரிக்கப் பூச்சியிடம் பலிக்கவில்லை. உற்றுப் பார்த்தபோது தென் அமெரிக்கப் பூச்சி மஞ்சள் நிறம், அதில் ஆணும் பெண்ணும் உண்டு; ஆப்பிரிக்கப் பூச்சி இளஞ்சிவப்பு, அதில் பெண் மட்டுமே, ஆணில்லாமலே பெருகக்கூடியது. முன்னது வேறு இனம் என்று 1981-இல் பீனகாக்கஸ் ஹெர்ரெனி என்ற தனிப் பெயர் பெற்றது. அதே 1981-இல்தான் ஆண்டனி பெல்லோட்டி என்ற பூச்சியியலாளர் பராகுவேயில் உண்மையான மணிஹோட்டியைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து கிடைத்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவி அந்த ஆண்டின் இறுதியிலேயே நைஜீரியாவில் விடப்பட்டு, பின்னர் கண்டத்தின் மரவள்ளிப் பகுதிகளெங்கும் பரவிப் பூச்சியை அடக்கியது. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் ஊருக்கும் இது நேரடியாகப் பொருந்தும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. அதற்கான அசெரோபேகஸ் பப்பாயே குளவி 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் பதிவாகி, பின்னர் தமிழ்நாட்டுக்குள் வந்தது. அதற்கான லோபெசி குளவியைப் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் பெனினிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது. முதல் குளவி இரண்டாவது பூச்சியைத் தொடாது. இரண்டாவது குளவிக்கு முதல் பூச்சி ஆகாது. பெயர் மாறினால் குளவியும் மாற வேண்டும்.

ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் உங்கள் அண்ணன் ஊருக்கு மிகப் பக்கம். மூன்று நான்கு செடிகளின் நுனிகளிலிருந்து, முட்டைப் பையுடன் கூடிய பெரிய பூச்சிகளாகப் பார்த்து, செடிக்கு ஒரு குப்பியாக 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு, எந்த வயல், எந்த வரிசை, எந்த நாள் என்று பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டு அங்கே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

வெய்புல் வாத்தியார் (மறுமொழி)

இயந்திரவியல் துறையில் நம்பகத்தன்மைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தம்பி, உங்கள் 0.008 கணக்கைத் தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

மூன்று பம்புகளை இணையாக வைத்துப் பெருக்குவதற்கு, ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லை என்ற நிபந்தனை வேண்டும். மூன்றுக்கும் ஒரே மின்கம்பி போகிறது என்றால், அந்தக் கம்பி அறுந்தவுடன் மூன்றும் நின்றுவிடும்; இதைப் பொதுக்காரணப் பழுது என்று நீங்களே உங்கள் அறிக்கைகளில் எழுதியிருப்பீர்கள். உங்கள் மூன்று சாட்சிகளுக்கும் ஒரே மின்கம்பி, அண்ணன் எடுத்த அந்தப் படம். இனத்தைப் பிரிக்கும் அடையாளம் படத்திலேயே இல்லை என்று ஊசிமுனை சொல்லிவிட்ட பிறகு, மூன்று பேரென்ன, முந்நூறு பேர் பார்த்தாலும் பிழை குறையாது. போதாக்குறைக்கு, மூவரும் நீண்ட நாளாகக் கேட்டுப் பழகிய பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. ஆகவே மூவரும் ஒரே திசையில் தவறவே வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்கக் கதையிலும் இதுதானே நடந்திருக்கிறது? தேடலும் வளர்ப்பும் சோதனையும் ஒழுங்காகவே நடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெயர் சரியில்லை.

இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்தமானது. ஒரு பழுதும் வராமல் எத்தனை மாதிரிகளைச் சோதித்தால், 95 விழுக்காடு நம்பிக்கையோடு 95 விழுக்காடு நம்பகத்தன்மை என்று சொல்லலாம்? 59 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அதே சூத்திரத்தைத்தான் தாவரத் தடுப்புக்காப்பு நிலையங்களும் வைத்திருக்கின்றன. வயலில் நூற்றுக்கு ஒரு செடியிலாவது பூச்சி இருந்தால் அதை 95 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க 299 செடிகளைப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் பூச்சியுள்ள செடிகளில் ஐந்தில் ஒன்றைத் தவறவிடுபவர் என்றால் அது 373 ஆகிவிடும். பழங்களை ஏற்றுமதி செய்யும்போது பழ ஈக்களை அழிக்கும் முறைகளுக்குப் பல நாடுகள் கேட்டுவந்த அளவு இதைவிடக் கடுமையானது: 99.9968 விழுக்காடு சாவு. அதை 95 விழுக்காடு நம்பிக்கையோடு நிறுவ 93,613 பூச்சிகளைச் சோதித்து ஒன்றுகூடப் பிழைக்காமல் இருக்க வேண்டும். நம் பேரிங் சோதனைக்கு யாராவது அத்தனை பேரிங் வாங்கிக் கொடுப்பார்களா?

ஆனால் 299 என்பதும் செடிகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. மாவுப்பூச்சி திட்டுத் திட்டாகப் பரவுவது. வரப்போரத்தில் நடந்தபடி அடுத்தடுத்த 299 செடிகளைப் பார்த்தால், நீங்கள் பார்த்தது ஒருசில திட்டுகளை மட்டுமே. வயலைக் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்த இடங்களில் பாருங்கள்.

ஆய்வுத் தலைப்புக்கு ஒரு யோசனை. தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரை நம்புவதற்கு முன், அதே உருப்படிகளை மூன்று ஆட்களிடம் இரண்டு முறை மாற்றி மாற்றிக் கொடுத்து அளக்கச் சொல்கிறோம் அல்லவா? அதையே பூச்சிக்குச் செய்யுங்கள். ஸ்லைடு போட்டுப் பெயர் உறுதியான பூச்சிகளின் படங்களையும் உயிருள்ள மாதிரிகளையும் எண் மட்டும் ஒட்டி, பயிற்சி பெற்றவர், விவசாயி, செயலி என்று எல்லோரிடமும் இரு சுற்றுகளாகக் கொடுத்து, யார் தமக்குத் தாமே முரண்படுகிறார், யார் உண்மையோடு முரண்படுகிறார் என்று பிரித்துப் பாருங்கள். உடன்பாட்டை வெறும் விழுக்காட்டில் சொல்லாதீர்கள். 100 மாதிரிகளில் இருவர் 90-இல் ஒத்துப்போனார்கள் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இருவருமே 90 மாதிரிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பப்பாளி என்று சொல்பவர்களாக இருந்தால், தற்செயலாகவே 82-இல் ஒத்துப்போயிருப்பார்கள். அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் கப்பா அளவு 0.44 மட்டுமே.

தலைவாசல் விவசாயி (மறுமொழி)

கணக்கெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்; பம்புப்பட்டறை ஐயாவின் அண்ணன் வயலில் நான் பார்க்கச் சொல்வது வேறு. நுனி முட்டைக்கோசு போலத் திரண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, தண்டு கோணலாக வளர்ந்திருந்தால், எங்கள் பக்கத்தில் அது புதிய பூச்சியாகவே இருந்திருக்கிறது. பப்பாளிப் பூச்சி அடித்த செடியில் இலை மஞ்சளாகி, கரும்பூசணம் படிந்து, உதிர்ந்து போனதைத்தான் நாங்கள் அதிகம் கண்டோம். இதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது என்று ஊசிமுனை அவர்கள் சொல்லக்கூடும், அது நியாயம்தான்.

கரணை, அதாவது நடும் குச்சித்துண்டு, எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். போன தடவை நான் வெளியூரில் ஒரே வியாபாரியிடம் நான்கு கட்டுக் குச்சி வாங்கினேன். அதில் ஒரு கட்டு நட்ட இடத்தில் மட்டும் இரண்டாம் மாதமே நுனி சுருண்டது. மற்ற மூன்று கட்டுகள் நட்ட இடத்தில் வெகுநாள் ஒன்றுமில்லை. கணுவின் மொட்டுக்கு அடியில் குஞ்சு ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாத்தியார் ஐயா கட்டம் போடச் சொல்கிறார். எந்தக் கட்டுக் கரணை எந்த வரிசையில் போனது என்று தெரிந்தால், கட்டுவாரியாகப் பார்ப்பதே மேல்.

மருந்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சுருண்ட நுனிக்குள் மெழுகுக்கு அடியில் இருக்கும் பூச்சிக்கு மருந்து சேருவதில்லை. வெளியே சுற்றும் குளவிதான் செத்துப்போகிறது. நான் நுனிகளை ஒடித்துச் சாக்கில் கட்டி எரிப்பதுண்டு. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது, ஒட்டுண்ணி விழுந்த பூச்சியும் கூடவே எரிந்து போகும். அதனால் இப்போது ஒடித்த நுனிகளைச் சல்லடைத் துணி கட்டிய டப்பாவில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எரிக்கிறேன்.

பம்புப்பட்டறை (மறுமொழி)

மூவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, மின்கம்பியை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போய், அண்ணனோடு வயலில் இறங்கி, அவர் நினைவில் இருந்த வரையில் கரணைக் கட்டு மாறிய இடங்களைக் குச்சி நட்டுக் குறித்துக்கொண்டோம். நான்கு செடிகளிலிருந்து நான்கு குப்பிகள் எடுத்தோம். இரவு அவற்றைத் திண்ணையில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் மூன்று குப்பிகளில் பூச்சிகள் வெளிறிப்போய்க் கிடந்தன. நான்காவது குப்பியில் மட்டும், ஒரே நுனியிலிருந்து எடுத்தவற்றில் மூன்று கருநீலமாகவும் மற்றவை வெளிறியும் இருந்தன. அண்ணனுக்கு ஒரே வியப்பு. நான்கு குப்பிகளையும் ஆய்வகத்தில் கொடுத்தோம். ஸ்லைடு போட்ட 14 பெண் பூச்சிகளில் 11 மணிஹோட்டி என்றும், அந்தக் கருநீல மூன்றும் மார்ஜினேட்டஸ் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, இந்த வயலில் இருப்பது எந்தப் பூச்சி என்ற என் கேள்வியே சரியில்லை. செயலியும் கடைக்காரரும் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஒரே நுனியில் இரண்டு இனங்கள் இருந்தால் வாத்தியார் ஐயா சொன்ன சோதனையில் உருப்படி என்று எதைக் கொள்வது, செடியையா, நுனியையா, ஒற்றைப் பூச்சியையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளிறிய பூச்சிகளோடு, உருண்டு திரண்டு, பழுப்பு நிறமாக, காய்ந்த நெல் உமி போல நான்கைந்து கிடந்தன. ஆய்வகத்தில் அவற்றை ஸ்லைடுக்கு ஆகாது என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அவை எதுவாக இருக்கும்?

ஊசிமுனை (மறுமொழி)

உருப்படி ஒற்றைப் பூச்சிதான். ஒரு நுனிக்கு ஒரு பெயர் என்று பழைய பதிவேடுகளில் எழுதிவைத்த பழக்கத்தால் நாங்களும் பட்டிருக்கிறோம். மரபணு வரிசையைப் படித்து இனங்காணும் பட்டைக்குறியீட்டுச் சோதனைக்கு அனுப்புவதாக இருந்தாலும் ஒரு குழாய்க்கு ஒரு பூச்சிதான். அதிலும் தோலைக் கரைக்காமல் மீட்டு ஸ்லைடாக வைத்துக்கொண்டால், வரிசை ஏதாவது விபரீதமாக வந்தால் திரும்பிப் பார்க்கலாம். ஒட்டுண்ணி விழுந்த பூச்சியில் குளவியின் மரபணுவே படித்து வந்த கதைகள் உண்டு.

அந்தப் பழுப்பு உமிகள் பெரும்பாலும் ஒட்டுண்ணி உள்ளே வளர்ந்து முடித்த மாவுப்பூச்சிகளின் கூடுகள். ஒரு முனையில் வட்டமாகத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. இல்லையென்றால் ஆல்கஹாலில் அதுவும் செத்திருக்கும். அண்ணனை இன்னும் பத்து நுனிகள் பார்க்கச் சொல்லுங்கள். இம்முறை ஆல்கஹால் வேண்டாம். உமி போன்றவற்றை மட்டும் மெல்லிய தூரிகையால் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காலி மாத்திரைக் குப்பியில் போட்டு, வெயில் படாமல் வைத்து, தினமும் காலையில் பார்த்து வந்தால் போதும். வெளிவரும் குளவியைக் கொண்டுவந்தால் அது லோபெசியா, பப்பாயேயா, உள்ளூர்க் குளவியா என்று பார்த்துச் சொல்கிறேன். மூன்றாவது முறை மருந்தடிக்கவில்லை அல்லவா?

பம்புப்பட்டறை (மறுமொழி)

அடிக்கவில்லை. டப்பாவை மாடியறைக்குள் ஏற்றியாகிவிட்டது. குப்பிகளின் மேல் அண்ணன் பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருக்கிறார்.